சென்சாரே பார்த்துக்கொள்ளும் என்றால் ஆள் எதற்கு?

கவின் கலைக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தரையில் புரொஜெக்டரால் கோலம் விழும், அதன் மேல் ஆட்கள் நடக்க நடக்க அது வளரும், இதுதான் என் புராஜெக்ட். இதில் ஏஐ-யைச் சேர்த்துவிட்டால் அதுவே விதவிதமாகப் போட்டுத் தள்ளிவிடுமே, அப்புறம் பார்க்க வருகிறவருக்கும் உனக்கும் என்ன வேலை என்று வகுப்பில் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை." எனக்குச் சோறு போடுவதே இந்தத் தொழில்தான். மியூசியம், கார்ப்பரேட் லாபி, நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் ஸ்டால் என்று எது வந்தாலும் செய்து கொடுக்கிற ஆள் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கட்சி என்ன என்று சொல்லிவிடுகிறேன். கலைஞனுக்கு வேலை போய்விடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது போகவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. உண்மையில் சுருங்கிக்கொண்டு வருவது பார்க்க வருகிறவரின் வேலைதான். கருவிகள் கூர்மையாக ஆக, அவர் எதையும் செய்து பார்க்க வேண்டிய அவசியம் குறைந்துகொண்டே போகிறது, சும்மா வந்து நின்றால் போதும், மெஷின் அவரை அளந்துகொள்ளும். இவர்கள் இரண்டு பேரைத் தவிர மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார், அவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கடைசியில் அவரிடம் வருகிறேன்.

இன்டராக்டிவ் படைப்பு என்றால், பார்க்க வருகிறவரின் அசைவுக்கோ குரலுக்கோ பதில் சொல்கிற படைப்பு. ஆள் இல்லாமலும் ஓடுகிற அப்படிப்பட்ட படைப்பை ஏஐ-தான் கொண்டுவந்தது என்று நினைத்தால் அது சரியில்லை. 1968-ல் லண்டன் ஐசிஏ அரங்கில் 'சைபர்நெட்டிக் செரண்டிபிட்டி' என்று ஒரு கண்காட்சி நடந்தது. அதில் கார்டன் பாஸ்க் வைத்த 'கொலோக்கி ஆஃப் மொபைல்ஸ்' என்ற படைப்பில், மேலிருந்து தொங்கும் ஐந்து உருவங்கள் ஒளியாலும் ஒலியாலும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தன. பார்க்க வந்தவர் டார்ச்சையோ கண்ணாடியையோ எடுத்துக்கொண்டு நடுவில் புகுந்து அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ளலாம். சேராவிட்டாலும் அவை பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருக்கும்.

அதே கண்காட்சியில் சிறிய படைப்பு ஒன்றை வைத்திருந்த எட்வர்ட் இஹ்னாடோவிச், 1970-ல் நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் நகரில் பிலிப்ஸ் நிறுவனத்தின் எவொலுவான் அரங்கில் 'சென்ஸ்டர்' என்ற பெரிய உருவத்தை நிறுவினார். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் வருகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். நாலு மீட்டருக்கு மேல் நீளம், குழாய்களால் ஆன உடம்பு, ஹைட்ராலிக்ஸில் அசைவு, தலையில் மைக்குகளும் ரேடாரும், பின்னால் ஒரு கம்ப்யூட்டர். யாராவது மெல்லப் பேசினால் அந்தப் பக்கம் தலையைக் கொண்டுவரும். கூச்சல் போட்டாலோ கையைக் காலை வேகமாக ஆட்டினாலோ விலகிப் போகும். அதன் நடத்தை மொத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதற்குள் புத்தி என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது கிட்டே வர வேண்டுமென்றால் ஆள் தன் குரலை இறக்க வேண்டும், அசைவை நிதானப்படுத்த வேண்டும், பொறுத்திருக்க வேண்டும். கலைஞர் வைத்தது ஒரு சின்ன விதி, மீதி வேலையெல்லாம் கூட்டத்தின் தலையில். (பராமரிக்கச் செலவாகிறது என்று 1974-லேயே அதைக் கழற்றிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் வெட்டவெளியில் எலும்புக்கூடாக நின்றதை, போலந்தில் கிராகோ நகரின் ஏஜிஹெச் பல்கலைக்கழகம் வாங்கி மறுபடி ஓட வைத்தது. எந்தத் தொழில்நுட்பமானாலும் அதைத் துடைத்து எண்ணெய் போட ஆள் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

அந்தக் காலத்திலேயே இன்னொருவர், அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைரன் குரூகர். 1970-ல் அவர் செய்த 'மெட்டாபிளே'யில் அறைக்குள் நுழைகிறவர் தன் உருவத்தைப் பெரிய திரையில் பார்ப்பார், அந்த உருவத்தின் மேல் யாரோ கோடு வரைவார்கள், அந்தக் கோட்டோடு இவர் விளையாடலாம். வரைகிறவர் சுமார் ஒரு மைல் தள்ளி கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதர்! அடுத்த வருடமே தரையில் சென்சார் பதித்து அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார், பிறகு வந்த 'வீடியோபிளேஸ்' முழுக்கக் கம்ப்யூட்டர் பதில் சொல்வது. ஆக, மறைவில் உட்கார்ந்திருந்த மனிதனை எழுப்பிவிட்டு மெஷினை உட்கார வைத்த கதை ஐம்பது வருடம் பழையது, அதற்காக அன்றைக்கு யாரும் கலையே செத்துப் போனது என்று புலம்பவில்லை.

1980-களில் கனடாக்காரர் டேவிட் ரோக்பி 'வெரி நெர்வஸ் சிஸ்டம்' செய்தார். கேமரா உங்கள் உடம்பின் அசைவைப் பார்க்கும், அந்த அசைவு இசையாகும். அவர் கவனித்து எழுதிய ஒரு விஷயம் எனக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது ஞாபகம் வரும். வந்தவர் முதலில் தயங்கித் தயங்கிக் கையை அசைப்பார், ஒரு சத்தம் வரும். நம் கையால்தான் வந்ததா என்று சோதிக்க அதே அசைவைத் திரும்பச் செய்வார், ஆனால் இந்த முறை கை சந்தேகத்தோடு போகாது, நிச்சயத்தோடு போகும், அதனால் சத்தமும் வேறு மாதிரி வரும். மெஷின் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டது, ஆளுக்குத்தான் தன் உடம்பு மாறியது தெரியவில்லை. உடனே "இது சும்மா கண்டபடி ஓடுகிறது" என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விடுவார். சென்சார் நம்மைவிட நுட்பமாகப் பார்க்கத் தொடங்கிய இடம் இதுதான், பார்வையாளரும் கலைஞரும் ஒருவரை ஒருவர் தவறவிடத் தொடங்கிய இடமும் இதுவே.

நம் ஊரில் கதை ஏறக்குறைய கினெக்ட் என்ற கேமராவோடு தொடங்குகிறது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை வீடியோ கேமுக்காக விற்பனைக்கு விட்டது, சில நாளிலேயே வெளியாட்கள் அதைக் கம்ப்யூட்டரோடு பேச வைத்துவிட்டார்கள், அதன் பிறகு சில ஆயிரம் ரூபாய்க்கு, எதிரில் இருப்பது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கிற கேமரா யார் கைக்கும் வந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆர்டுயினோ என்கிற சின்ன கன்ட்ரோல் போர்டும் வயரும் வாங்கி, பழைய கினெக்ட் ஒன்றைத் தேடிப் பிடித்து, லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றினால் இன்ஸ்டலேஷன் ரெடி என்ற காலம். முதல் கினெக்ட் மனித உடம்பில் 20 மூட்டுகளைக் கணக்கிட்டது, அடுத்தது 25. இப்போது மீடியாபைப் போன்ற சாஃப்ட்வேர்கள் சாதாரண வெப்கேமராவை வைத்தே 33 புள்ளிகளைச் சொல்லிவிடுகின்றன, கினெக்ட்டே தேவையில்லை, அதைத் தயாரிப்பதையும் 2017-ல் நிறுத்திவிட்டார்கள்.

இந்தப் புள்ளிகள் எங்கே தடுமாறும் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தால் கலைஞனின் வேலை எது என்று விளங்கிவிடும். கையைத் தூக்கினால் திரையில் மரம் கிளை விடுகிற மாதிரி ஒரு வேலை. ஜீன்ஸ் போட்ட பையன் வந்தால் கச்சிதமாக நடக்கும். புடவை கட்டிய அம்மா வந்தால் சாஃப்ட்வேருக்கு முட்டி எங்கே என்று தெரியாமல் இடுப்புக்குக் கீழே எல்லாம் நடுங்கும், முந்தானையை ஒரு கை என்று எண்ணிக்கொள்ளும். இடுப்பில் குழந்தை வேறு இருந்தால் மூன்று கை உள்ள ஒரே ஆளாகிவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டினால் ஒரு மாதிரி, இறக்கிவிட்டால் வேறு மாதிரி. அந்த நடுக்கத்தை அடக்க ஸ்மூத்திங்கை (அளவுகளைச் சராசரியாக்கிச் சீராக்குவதை) ஏற்றினால் பதில் தாமதமாகும், பத்தில் ஒரு நொடியைத் தாண்டினாலே "இது என்னால் நடக்கிறது" என்ற உணர்வு கழன்றுவிடும். ஏற்றாமல் விட்டால் அந்த அம்மாவின் மரம் காக்காய் வலிப்பு வந்தது போல ஆடும், அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார், திரும்ப வர மாட்டார். எவ்வளவு ஏற்றுவது, யாருடைய உடம்பை அளவாக வைப்பது என்ற முடிவை எந்த சென்சாரும் எடுக்காது. நான் கலைஞனின் வேலை நகர்ந்திருக்கிறது என்று சொல்வது இந்த இடத்துக்குத்தான்: உருவத்தைச் செய்வதிலிருந்து, எதற்குப் பதில் சொல்ல வேண்டும், எதைக் கண்டும் காணாமல் விட வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு.

இரண்டு புகழ்பெற்ற படைப்புகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2012-ல் லண்டன் பார்பிகனில் ராண்டம் இன்டர்நேஷனல் குழு வைத்த 'ரெயின் ரூம்': அறைக்குள் மழை கொட்டும், நீங்கள் நடக்கும் இடத்தில் மட்டும் நிற்கும், கேமராக்கள் உங்களைப் பின்தொடரும். அழகுதான், அடுத்த வருடம் நியூயார்க்கில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். ஆனால் உள்ளே போனவர் செய்ய வேண்டியது மெதுவாக நடப்பது ஒன்றுதான், ஓடினால் நனைவார். ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006-ல் செய்த 'பல்ஸ் ரூம்' அதைவிடவும் குறைவாகக் கேட்கிறது: ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், உங்கள் நாடித் துடிப்பில் ஒரு பல்பு மினுக்கும். நீங்கள் கையை விட்டதும் உங்கள் துடிப்பு வரிசையில் அடுத்த பல்புக்கு நகரும், உங்களுக்கு முன்னால் வந்தவருடையது அதற்கும் அடுத்ததற்கு. நூற்றுக்கு மேற்பட்ட பல்புகள், கடைசியில் இருப்பவர் வெளியே தள்ளப்படுவார். நாடியைக் கொடுப்பது ஒரு செயலே இல்லை, உயிரோடு இருந்தால் போதும். இருந்தும் அங்கே உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, நீங்கள் வந்ததால் யாரோ ஒருவர் போகிறார். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், முதலாவதில் போட்டோ நன்றாக வரும்.

இப்போது ஏஐ-க்கு வருவோம். பழைய முறையில் இது நடந்தால் அது நடக்கட்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார். மாடலை, அதாவது ஏராளமான உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்ட ஏஐ சாஃப்ட்வேரை வைத்துச் செய்யும்போது குறிப்பிட்ட ஒரு பதிலை யாருமே எழுதவில்லை. ரெஃபிக் அனடோல் 2022-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் வைத்த 'அன்சூப்பர்வைஸ்ட்' அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பு விவரங்களிலேயே பயிற்சி பெற்று, ஓயாமல் புதுப்புது உருவங்களை உருக்கி ஓடவிட்டது. லாபியின் வெளிச்சம், சத்தம், வெளியே அடிக்கும் வெயில் மழை, நடமாடும் ஆட்கள், எல்லாம் அதற்கு உள்ளீடு. அந்தப் பட்டியலை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள், மழைக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். உங்களால் அங்கே ஏதோ மாறுகிறது, எது என்று உங்களால் சொல்ல முடியாது. பார்க்க நான் ரசிப்பேன், இன்டராக்டிவ் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. மார்கழிக் கச்சேரியில் முன்வரிசை மாமா போடும் தாளமும் "பலே"யும் பாடகரை லேசாகத் திருப்பிவிடும், ஆனால் அங்கே இரண்டு பேருக்கும் அது தெரியும், பாடகர் வேண்டுமென்றே அவரைப் பார்க்காமல் இருக்கவும் முடியும்.

எதிர்ப்பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். சோக்வென் சங் 2015-லிருந்து ரோபோ கை ஒன்றோடு சேர்ந்து ஒரே தாளில் வரைகிறார். அது இவர் கோட்டைப் பின்பற்றும், தவறும், அந்தத் தவறுக்கு இவர் பதில் கோடு போடுவார். அங்கே ஊடாடுகிறவரே கலைஞர்தான், நாம் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறோம்.

சரி, உங்கள் கோலத்துக்கு வருகிறேன். ஏஐ கோலம் போடுமா என்ற கேள்வியில் புதுசு ஒன்றும் இல்லை. 1974-லேயே நம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலங்களை அர்ரே கிராமர் என்கிற முறையான விதிகளாக எழுதிக் காட்டிவிட்டார்கள். விதி இருந்தால் கம்ப்யூட்டர் போடும். வகுப்பில் கேட்டவருக்கு இதைச் சொல்லுங்கள், போடுவது என்றைக்குமே பிரச்சினையாக இருக்கவில்லை.

உங்கள் பிரச்சினை வேறு, இன்னும் நீங்கள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். தரையில் முழுக் கோலம் விழுந்திருந்தால் நம் ஊரில் பாதிப் பேர் அதன் மேல் கால் வைக்க மாட்டார்கள், சுற்றிக்கொண்டு போவார்கள். வெறும் வெளிச்சம்தான் என்று தெரிந்தாலும் கால் தயங்கும். சிலர் செருப்பைக் கழற்றுவார்கள், உங்கள் கேமரா அந்தச் செருப்பை இரண்டு சின்ன ஆட்கள் என்று எண்ணினாலும் ஆச்சரியமில்லை. வெளிநாட்டு டுட்டோரியலில் இதெல்லாம் வராது. அதனால் ஆள் வருவதற்கு முன் தரையில் புள்ளி மட்டும் இருக்கட்டும். இழை அவர் காலுக்குப் பின்னால் விழட்டும், முன்னால் வேண்டாம். அப்போது மிதிக்கிறோம் என்ற கூச்சம் போய், போடுகிறோம் என்ற எண்ணம் வரும்.

அடுத்தது, நடக்கிறவர் புள்ளியைச் சுற்றாமல் குறுக்கே போய்விட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் படைப்பே இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. மாடலிடம் விட்டால் அவர் எப்படித் தப்பாக நடந்தாலும் திருத்தி, அம்சமான கோலமாக முடித்துக் கொடுத்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம், ஆனால் அவர் நடக்காமலே இருந்திருக்கலாம். திருத்தாமல் விட்டால் மாலைக்குள் தரை முழுக்கக் கிறுக்கல். நானாக இருந்தால் அந்தத் தப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிப் புதுப் புள்ளிகளை முளைக்க வைப்பேன். சிக்குக் கோலத்தில் இழை தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும் இல்லையா, அவர் மூடாமல் விட்டுப்போன இழையை அடுத்து வருகிறவர் வந்து மூடட்டும். எந்த வழியாக மூட முடியும் என்று கணக்குப் போட்டு மங்கலாகப் புள்ளிகளை ஏற்றிக் காட்டுவதோடு ஏஐ நிறுத்திக்கொள்ளட்டும், யாராவது நடக்கிற வரைக்கும் கோடு போட அதற்கு அனுமதி இல்லை. அடுத்தவர் வராவிட்டால் அன்றைய கோலம் திறந்தபடியே கிடக்கட்டும், பரவாயில்லை.

பார்வையாளர் கையில் நிஜமான வேலையைக் கொடுத்தால் அதோடு பொறுப்பும் போகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். 2000-ல் டென்மார்க்கில் மார்க்கோ எவரிஸ்ட்டி என்ற கலைஞர், தண்ணீர் நிரப்பிய மிக்ஸி ஜார்களில் உயிருள்ள தங்கமீன்களை விட்டு, ப்ளக்கைச் சொருகி, பட்டனை வருகிறவர்கள் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். யாரோ அழுத்தினார்கள். வழக்கு அருங்காட்சியக இயக்குநர் மேல் போனது, கடைசியில் விடுதலையானார். அழுத்தியவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. மோசமான படைப்பு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் யார் செய்தது என்ற கேள்வியை இவ்வளவு பச்சையாக வேறெதுவும் கேட்கவில்லை. ஏஐ வந்ததும் அந்தக் கேள்வி தினசரி ஆகிவிட்டது. மைக்கில் பேசுவதைப் படமாகவும் வாசகமாகவும் சுவரில் ஏற்றுகிற வேலை ஒன்றை ஒரு காலேஜ் விழாவில் வைத்திருந்தோம். மாடலோடு வந்த ஃபில்டர் ஆங்கிலக் கெட்டவார்த்தைகளை அழகாகப் பிடித்தது. நம் பசங்க மெட்ராஸ் பாஷையில் ஆரம்பித்ததும் அது பரவசமாக எல்லாவற்றையும் பூ அலங்காரத்தோடு சுவரில் எழுதியது, சீஃப் கெஸ்ட் காபி குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். 2016-ல் மைக்ரோசாஃப்டின் 'டே' சாட்பாட்டை மக்கள் ஒரே நாளில் கெடுத்து மூட வைத்ததும் இதே ரகம்தான். எங்கள் காலேஜ் விழாவில் அன்று மாலையிலிருந்து லேப்டாப் முன்னால் ஒரு பெண்ணை உட்கார வைத்தோம், ஒவ்வொரு வரியும் அவர் ஒரு கீயைத் தட்டினால்தான் சுவருக்குப் போகும்.

நான் சொன்ன மூன்றாவது ஆள் இவர்தான். குரூகர் ஒரு மைல் தள்ளி உட்கார வைத்தவர் வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறார், சில இடத்தில் லேப்டாப் பின்னால், பெரும்பாலும் படைப்புக்குப் பக்கத்தில் கழுத்தில் ஐடி கார்டோடு நின்றுகொண்டு. "சார், அந்த வட்டத்துக்குள்ள நில்லுங்க, கையைத் தூக்குங்க, இன்னும் கொஞ்சம் தூக்குங்க, ஆங், பாருங்க." நாள் முழுக்க நூறு தடவை சொல்வார். வருகிறவர் செய்ய வேண்டிய கண்டுபிடிப்பு முழுவதையும் அவருக்காக இவர் செய்து முடித்துவிடுகிறார், கலைஞர் சரியாக யோசிக்காமல் விட்ட இடைவெளியை இவர் வாயால் அடைத்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்த வாலண்டியர், எப்படி வேலை செய்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், சிஸ்டம் தொங்கினால் ரீஸ்டார்ட் பண்ணுவது மட்டும் தெரியும்.

அதனால் உங்கள் பட்ஜெட்டில் இன்னொரு கிராஃபிக்ஸ் கார்டுக்கு வைத்திருக்கிற பணத்தில் பாதியை இவருக்கு ஒதுக்குங்கள். ஒரு நாள் முன்னதாகவே வரச் சொல்லி அவரையே முதலில் நடக்கவிடுங்கள், புடவையோடும் செருப்போடும் குழந்தையோடும் யாராவது வந்தால் என்ன ஆகிறது என்று அவரோடு சேர்ந்து பாருங்கள். கேமரா முகத்தைப் பதிவு செய்கிறதா இல்லையா என்று யாராவது கேட்டால் சொல்ல அவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும், 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கேட்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் அவர் சொல்லித்தரக் கூடாது. யாராவது ஓரமாக நின்று தயங்கினால், அவரே புள்ளிக்கு நடுவில் நாலு அடி நடந்து, இழையைப் பாதியில் விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும்.